எழுதத் தெரிந்த பிள்ளை: 6 முதல் 10ஆம் வகுப்பு வரை எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கும் வழிகள்

திருக்குர்ஆனில் முதன்முதலாக அருளப்பட்ட வசனங்கள் ஓதுவதைப் பற்றியும், எழுதுகோலைக் கொண்டு அல்லாஹ் மனிதனுக்குக் கற்றுக் கொடுத்ததைப் பற்றியும் பேசுகின்றன. எழுதுகோலின் பெயரிலேயே ‘அல்கலம்’ என்று 68வது அத்தியாயம் அமைந்திருக்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282), கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனம்தான்.

ஹிஜ்ரி 2ல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் பிணைத்தொகை கட்ட வழியில்லாத, எழுதத் தெரிந்த சிலர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்று நபிமொழித் தொகுப்புகளும் வரலாற்று நூல்களும் சொல்கின்றன. இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பொறுப்பு அவரிடமே வந்தது.

ஆக, பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. அது மார்க்கம் மதிப்பளித்த பணி.

எங்கே சிக்கல்?

சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மில்லுக்கும் தறிக்கும் வியாபாரத்துக்கும் போகும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் காலையில் மக்தபுக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் தவறாமல் அனுப்புகிறார்கள். ஓதும்போது ‘ஹ’ சரியாக வரவில்லை என்றால் உஸ்தாதும் விடுவதில்லை, அத்தாவும் விடுவதில்லை. அதே பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. பாடப்புத்தகக் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை, சொந்தமாக ஐந்து வரி எழுதச் சொன்னால் திணறுகிறது.

இதன் விலை பின்னால் தெரியும். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிப் படிவம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு, ஜமாஅத்துக்கு எழுதும் கடிதம் எதுவானாலும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். மனு எழுதித் தருபவர் என்ன எழுதினார் என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுபவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கும் இது இன்னும் பெரிய சுமை. ஆகவே இந்தக் கல்வி ஆண்பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பெண்பிள்ளைக்கும் தேவை.

ஆய்வு சொல்வது என்ன?

4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தரும் முறைகளை ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்து, 2007ல் அமெரிக்காவில் அறிக்கை வெளியிட்டார்கள். பயன் தரும் 11 முறைகளை அதில் பட்டியலிட்டார்கள். திட்டமிட்டு எழுதித் திருத்தும் வழிகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பது, படித்ததைச் சுருக்கி எழுத வைப்பது, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது ஆகியவை அதிகப் பலன் தந்தன. சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சியும் நல்ல பலன் தந்தது. இலக்கண விதிகளைத் தனியாக, எழுத்தோடு சேர்க்காமல் நடத்தியது மட்டும் எழுத்தை வளர்க்கவில்லை.

அந்த ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பற்றியது. ஆனாலும் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல. ஸர்ஃபு, நஹ்வு விதிகளை மனனம் செய்தால் மட்டும் உஸ்தாத் விடமாட்டார். கிதாபின் ஒரு வரியைக் கொடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ‘தர்கீப்’ சொல்லச் சொல்வார். விதி எழுத்தில் இறங்கினால்தான் அது கல்வி.

மக்தபில் கற்றது தமிழுக்கும் உதவும்

நம் பிள்ளைகளிடம் ஒரு மூலதனம் இருக்கிறது. அதைப் பெற்றோர்கள் பயன்படுத்துவதில்லை.

தஜ்வீதில் ‘மின் பஃதி’ என்பதை ‘மிம் பஃதி’ என்று மாற்றி ஓதுகிறோம். ‘மின் ரப்பிஹிம்’ என்பதை ‘மிர் ரப்பிஹிம்’ என்று ஓதுகிறோம். அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து முன்னெழுத்து மாறுகிறது. தமிழில் ‘மரம் + கள்’ சேர்ந்து ‘மரங்கள்’ ஆவதும் இதைப் போன்றதுதான். தமிழாசிரியர் இதைப் புணர்ச்சி என்கிறார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விளக்கினால் பிள்ளைக்குச் சட்டெனப் புரியும்.

மதரஸா மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு, ‘ளரப ஸைதுன் அம்ரன்’. ஸைது அம்ரை அடித்தார் என்று பொருள். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதைச் சொல்லின் இறுதி ஒலி காட்டுகிறது. தமிழில் அந்த வேலையை ‘ஐ’ உருபு செய்கிறது. ‘அம்ரை ஸைது அடித்தார்’ என்று மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. ‘ஐ’யை இடம் மாற்றினால் அடி வாங்கியவரே மாறிவிடுவார். வேற்றுமை உருபு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட எளிய பதில் இல்லை.

முதலில் சரிசெய்ய வேண்டிய இலக்கணம்

இலக்கணம் முழுவதையும் ஒரே நேரத்தில் திணிக்க வேண்டாம். அடிக்கடி வரும் நான்கு தவறுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண: வாய்விட்டுச் சரியாக வாசிக்க வைத்தால் எழுத்தும் திருந்தும். வேலை-வேளை, அரை-அறை, மனம்-மணம் எனச் சோடி சோடியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள்.

2. ஒற்று: க, ச, த, ப நான்கில் தொடங்கும் சொல்லுக்கு முன்தான் இந்தக் கேள்வியே எழும். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் ஒற்று வரும் (அந்தப் பையன்). ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னும் வரும் (பாடத்தைப் படித்தேன், கடைக்குப் போனேன்). ‘படித்த பையன்’, ‘என்னோடு பேசினான்’, ‘எத்தனை பேர்’ போன்றவற்றில் வராது. ‘கீரை கடை’ என்றால் கீரையைக் கடையச் சொல்வது. ‘கீரைக்கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ஓர் எழுத்து என்ன செய்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

3. ஒருமை பன்மை: ‘பிள்ளைகள் வந்தது’ தவறு, ‘பிள்ளைகள் வந்தார்கள்’ சரி. ‘ஒவ்வொரு பிள்ளைகளும்’ தவறு, ‘ஒவ்வொரு பிள்ளையும்’ சரி.

4. பேச்சும் எழுத்தும்: ‘நோம்பு’ பேச்சு, ‘நோன்பு’ எழுத்து. நம் வீடுகளில் ‘பள்ளிக்குப் போனேன்’ என்றால் பள்ளிவாசல். தாளைத் திருத்தும் ஆசிரியர் பள்ளிக்கூடம் என்றே படிப்பார். ஜனாஸா, ஸதகா போன்ற சொற்களைக் கட்டுரையில் எழுதும்போது பக்கத்தில் ஒரு வார்த்தை விளக்கம் சேர்க்கப் பழக்குங்கள். படிப்பவர் யார் என்று நினைத்து எழுதுவதே எழுத்தின் முதல் ஒழுக்கம்.

எழுதும் வழி: நான்கு படிகள்

‘தெரு விளக்கு எரியவில்லை’ என்று ஊராட்சி மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, கேள்விகள். யார் எழுதுகிறார்? யாருக்கு? எந்த இடத்தில், எத்தனை நாளாக? யாருக்கு என்ன பாதிப்பு? என்ன செய்ய வேண்டும்? பதில்களை ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி, வரைவு. பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் குறிப்புகளை வாக்கியமாக்க வேண்டும். இந்த நேரத்தில் பெற்றோர் குறுக்கே பேசக்கூடாது.

மூன்றாம் படி, இணைத்தல். ‘மலையில் மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. நடவு தொடங்கியது.’ இந்த மூன்றையும் ‘மலையில் மழை பெய்து கண்மாய் நிறைந்ததால் நடவு தொடங்கியது’ என்று ஒன்றாக்கலாம். காரணமும் விளைவும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. கடிதத்திலும் இப்படி இணைக்க முடிகிற வரிகளைத் தேடச் சொல்லுங்கள்.

நான்காம் படி, திருத்தம். எழுதியதைப் பிள்ளையே சத்தமாக வாசிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுமாறும் இடத்தில் ஏதோ பிழை. பிறகு அந்த வாரம் எடுத்துக்கொண்ட ஒரு வகைத் தவறை மட்டும் நீங்கள் சுட்டிக்காட்டுங்கள். தாள் முழுக்கச் சிவப்பு மை பூசினால் பிள்ளை பேனாவை மூடிவிடும்.

வீட்டிலும் மஹல்லாவிலும்

ஜும்ஆ பயானைக் கேட்டுவந்த பிள்ளை அன்று மாலையே அதை ஐந்து வரியில் எழுதட்டும். சுருக்கி எழுதும் பயிற்சி இதைவிட இயல்பாக அமையாது. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் குர்ஆன் தர்ஜமாவிலோ ஸீராவிலோ ஒரு பக்கம் படித்து அதேபோல் எழுதலாம். வாரம் ஒருநாள் வீட்டுச் செலவுக் கணக்கையும் கைமாற்றுக் கடனையும் பிள்ளை கையால் எழுத வையுங்கள். ஒரு குர்ஆன் கட்டளையும் அதில் நடைமுறைக்கு வரும்.

மக்தப் நடத்தும் ஜமாஅத்துகள் வாரம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். மஹல்லாவில் தமிழ் படித்த ஓர் ஆசிரியரோ பட்டதாரிப் பெண்ணோ கட்டாயம் இருப்பார். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சொன்னால் போதும், தனிச் செலவு எதுவும் இல்லை.

9, 10ஆம் வகுப்புப் பெற்றோர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகமது, முஹம்மது, முகம்மது என ஒரே பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளியில் வேறு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறோம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போதே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் விழும் பிழை, பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் வந்து நிற்கும்.

அரபு இலக்கணத்தின் தலையாய நூலாகிய ‘அல்கிதாப்’பை எழுதிய ஸீபவைஹி அரபியர் அல்லர், பாரசீகர். ஹதீஸ் பாடத்தில் தாம் செய்த ஒரு மொழிப்பிழை திருத்தப்பட்டதால்தான் அவர் இலக்கணம் கற்கப் புறப்பட்டார் என்று வரலாறு கூறுகிறது. பிழை செய்த பிள்ளையைக் கேலி செய்யாமல் திருத்திவிடுங்கள். அந்தத் திருத்தம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்த இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மையை எழுதும் கையையும் தந்தருள்வானாக. ஆமீன்.