அழிந்த கல்லின் வரியை அழிக்கக் கூடாது

ஆர்மீனிய மொழியில் 'கச்' என்றால் சிலுவை, 'கார்' என்றால் கல். சேர்த்துச் சொன்னால் கச்கார். நிமிர்த்தி நட்ட பலகைக் கல். நடுவில் சிலுவை, அதன் அடியிலிருந்து கிளம்பும் இலைகள், சுற்றிலும் லேஸ் பின்னினது மாதிரி வேலைப்பாடு. ஆர்மீனியாவில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2010-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பது இவற்றின் பெருமை. இவற்றுக்குத் திறந்த தரவுத்தளம் கட்ட உட்காரும் என்னைப் போன்ற பொறியாளனுக்கு அதுவேதான் தலைவலி.

'ஆண்டு' என்ற ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கற்களில் ஆண்டை எழுத்தால் குறித்திருப்பார்கள். ஆர்மீனிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. அவற்றைக் கூட்டி, கூடவே 551-ஐச் சேர்த்தால்தான் நம் ஆண்டு வரும். அவர்களுடைய 328 நமக்கு 879. தேய்ந்துபோன ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் கல் நூறு வருஷம் தள்ளிப் போய்விடும். அதனால் கல்லில் உள்ளது ஒரு கட்டத்திலும், படித்தவர் போட்ட கணக்கு இன்னொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இதெல்லாம் வெறும் கணினி வேலைதானே என்று தோன்றலாம். ஜுல்ஃபாவுக்கு நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அராஸ் நதிக்கரையில், இன்றைய அஜர்பைஜானின் நக்சிவானில் இருந்த பழைய ஊர் அது. அதன் கல்லறை நிலத்தில் 1648-இல் பத்தாயிரம் கற்களைப் பார்த்ததாக ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் எழுதினார். பிறகு ரயில் பாதை போட்டபோது ஒரு பகுதி போயிற்று. 1998-இல் இடிப்பு தொடங்கி, 2005 டிசம்பரில் முடிந்தது. சீருடைக்காரர்கள் கற்களை உடைத்து ஆற்றில் கொட்டுவதை எதிரே இரான் கரையிலிருந்து வீடியோ எடுத்தார்கள். அஜர்பைஜான் அரசு மறுத்தது. 2003, 2009 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க அறிவியல் சங்கம் ஒன்று, அங்கே கற்கள் இல்லாமல் போனதை உறுதி செய்தது.

இருந்தது இப்போது இல்லை என்பதைத்தான் செயற்கைக்கோள் சொல்லும். என்ன இருந்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்பவர் அர்கம் அய்வஸ்யான். நக்சிவானில் பிறந்த அவர் 1964 முதல் 1987 வரை கேமராவோடு அலைந்து 89 தேவாலயங்கள், 5,840 கச்கார்கள், 22,000 கல்லறைக் கற்களைப் பதிவு செய்தார். அந்தக் கற்களில் பல இன்று அவர் படங்களில் மட்டுமே இருக்கின்றன.

இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரமில்லை. 1604-05-இல் ஷா அப்பாஸ் ஜுல்ஃபா மக்களைப் பெயர்த்து இஸ்ஃபஹானுக்கு அனுப்பினார். அவர்கள் குடியேறிய இடம் புதிய ஜுல்ஃபா. அங்கிருந்துதான் வணிகர்கள் சென்னைக்கும், பிறகு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் சென்னையில்தான் அச்சானது. சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் 1835-இல் கட்டிய தேவாலயத்தையும் ராஃபிள்ஸ் ஹோட்டலையும் நாம் தினம் கடக்கிறோம். அவற்றை எழுப்பியவர்களின் முன்னோர் கிடந்த நிலம்தான் ஆற்றோடு போனது.

கற்களின் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டினது ஆகாதா? நியாயமான கேள்வி. ஆளில்லாத மலையில் தனியாக நிற்கும் கல்லுக்கு ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஜுல்ஃபாவை இடித்தவர்களுக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. நிலமே அவர்கள் கையில் இருந்தது. பட்டியல் தேவைப்பட்டது தூரத்தில் இருந்தவர்களுக்குத்தான். அதனால் மற்றதெல்லாம் திறந்தே இருக்கட்டும், பத்து நாட்டில் பத்துப் பிரதி இருக்கட்டும்.

கல் அழிந்துவிட்டால் அதன் வரியை நீக்கக் கூடாது. 'நிலை' என்ற கட்டத்தில் 'அழிக்கப்பட்டது' என்றும், பக்கத்தில் ஆண்டையும் எழுத வேண்டும். அங்கே எதுவுமே இருந்ததில்லை என்று யாராவது சொல்லும்போது எடுத்துக் காட்ட அந்த ஒரு வரி வேண்டும்.