உட்கதவு (கண்டி வட்டாரம்)

உட்கதவு என்பது வீட்டுக்குள் ஓர் அறையை இன்னோர் அறையிலிருந்து பிரிக்கும் கதவு. தலைவாசல் நிலைக்கு நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டுவார்கள். உட்கதவு நிலைக்கு அந்த மரியாதை இல்லை.

வரலாறு

இரண்டாவது அறை இருந்தால்தான் உட்கதவுக்கு வேலை. 1660 இல் பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் அங்குள்ள வீடுகளை விவரிக்கிறார். குச்சி நட்டுக் களிமண் பூசிய தாழ்ந்த கூரை வீடுகள். மாடி எழுப்பவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் தடை. பிரதானிகளைத் தவிர ஏனையோருக்குப் பெரும்பாலும் ஒரே அறைதான். ஆணி கிடையாது, பிரம்பாலும் கயிற்றாலும் கட்டினார்கள். ஆகவே இவ்வட்டாரத்தில் உட்கதவு பிரதானிகளின் வளவுகளில் (மாளிகை வீடுகளில்) தோன்றியது எனலாம்.

பழைய கதவு குடுமிக் கதவு. பலகையின் மேலும் கீழும் நீட்டிவிட்ட குடுமிகள் மேல்விட்டத்திலும் வாசற்படியிலும் உள்ள குழிகளில் அமர்ந்து சுழலும். எண்ணெய் விடாவிட்டால் நள்ளிரவில் எழுந்து போவது யார் என்று வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆணியை நம்பாத இந்தத் தச்சின் உச்சம் உடுநுவரையிலுள்ள எம்பெக்கே தேவாலயம். அதன் மரத்தூண் மண்டபத்தில் 26 கைமரங்களை ‘மடொல் குருபாவ’ என்ற ஒரே மர முளை பிடித்து நிற்கிறது. கண்டித் தச்சர்களின் வேலைமுறைகளை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலில் பதிந்துவைத்தார். அந்த உழைப்புக்கு ஈடான ஒன்றைப் பின்வந்தவர்கள் செய்யவில்லை.

1815 இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்த பின் எழுந்த பங்களாக்களில் இரும்புப் பிணைச்சல் இடம்பிடித்தது. குடுமி போனதும் அதைத் தாங்கிய வாசற்படியும் உள்ளறைகளில் தேவையற்றுப் போனது.

தோட்டங்களின் கதை வேறு. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய பிறகும் தொழிலாளருக்குக் கிடைத்தது லயக் காம்பராதான்: சுமார் 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று, முன்னால் இஸ்தோப்பு (விறாந்தை). அங்கே உட்கதவின் வேலையைப் பழைய சேலைத் திரை செய்தது.

மரமும் பொருத்தலும்

உட்கதவுக்குப் பலாவே சிறந்தது. மஹோகனி அதற்கு அடுத்ததே. ஆனால் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பலாவை வெட்ட அனுமதி வேண்டும். ஈரப்பலாவும் பெண்பனையும் அதே பட்டியலில் உள்ளன.

பாஸ், அதாவது வேலையின் மேஸ்திரி (இச்சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது), சுவர் எழும்போதே நிலையை நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு இருபுறமும் நேர்பார்ப்பார். நிலையின் பக்கங்களில் அடித்த இரும்புப் பட்டைகளைச் செங்கல் வரிகளுக்குள் புதைத்துக் கட்டுவார்கள். பூச்சும் தரைவேலையும் முடிந்த பிறகே கதவை மாட்டவேண்டும். முந்தினால் தரையோடு உயரம் பறிபோகும். பாரமான பலாக் கதவுக்கு மூன்று பிணைச்சல் போடுவது நல்லது. இரண்டோடு விட்டால் நாளடைவில் தாழ்ப்பாள் பக்கம் தொங்கும். சுற்றிலும் சுமார் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். ஒக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஊதி இறுகும்போது உடனே சீவிவிடக்கூடாது, வெயில் காலத்தில் அதே இடம் ஓட்டையாகத் தெரியும். மேல், கீழ் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசினால் ஊதல் குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளிம்புகளைத்தான் பூசாமல் விடுகிறார்கள்.

தற்காலத்தில் பிளைவூட், பீவீசி கதவுகளும் ஆயத்தமாக விற்பனையாகின்றன.