சமயபுரம் சாலையும் எட்டு விநாடிக் கணக்கும்

சென்னை பஸ்ஸில் வருபவர்களுக்கு சமயபுரம் என்றால் டோல்கேட். மஞ்சள் உடுத்தி மாரியம்மனைப் பார்க்க நடந்து வருபவர்களுக்கோ அது எப்படியாவது கடந்தாக வேண்டிய சாலை. இந்த இரண்டு பேரும் சந்திக்கிற கதைதான் இது.

நம் பக்கத்துச் சாலைகள் முதலில் நடப்பவர்களுக்காகப் போடப்பட்டவை. 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியதை இன்றும் சொல்வார்கள். (திருச்சி அருங்காட்சியகம் இருப்பது அவர் பெயரில் உள்ள மண்டபத்தில்தான்.) அன்று நிழல்தான் முக்கியம். மாட்டுவண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போனால், விநாடிக்கு ஒரு மீட்டர் சொச்சம். குறுக்குப் பாதையைப் புளியமரம் மறைத்தால்தான் என்ன? மாடே நின்றுவிடும்!

மோட்டார் வந்ததும் அதே மரம் வில்லனாகிவிட்டது. 1934-ல் தொடங்கிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 1976-ல் பார்வைத் தூரத்துக்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டது. சிக்னல் இல்லாத சந்திப்பில் கிளைச்சாலை ஓட்டுநர் 15 மீட்டருக்கு முன்னாலிருந்தே பிரதான சாலையைப் பார்க்க முடிய வேண்டும். எவ்வளவு தூரம்? வருகிற வண்டி 8 விநாடியில் ஓடும் தூரம். 50 கி.மீ. வேகத்துக்கு 110 மீட்டர், 100 கி.மீ. வேகத்துக்கு 220 மீட்டர். பார்த்து, யோசித்து, கியர் போட்டுக் கடக்க அவ்வளவு நேரம் வேண்டும். மாட்டுவண்டிக்கு இதே 8 விநாடி என்றால் 9 மீட்டர்தான்!

1989-ல் வந்த சாலை விதிகள் பிரதான சாலைக்கு வழிவிடு, மற்ற இடத்தில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடு என்றன. நல்ல விதிதான். ஆனால் கண்ணில் பட்டால்தானே வழிவிட முடியும்? முக்கோணத்துக்குள் ஒரு டீக்கடைத் தட்டி, ஒரு பேனர், நிறுத்திய லாரி... போதும், விதி செத்தது.

நான்குவழிச் சாலையில் நடுவே அரளி நட்டார்கள். எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமலிருக்க. நியாயமான காரணம். ஆனால் நடுத்தடுப்பில் விட்ட இடைவெளி வரை அரளி தழைத்தால், அங்கே திரும்பக் காத்திருக்கும் பைக் தெரியாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடப்பவர் தெரியவே மாட்டார்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? அதுவும் சரிவராது. வெகுதூரம் திறந்து கிடந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமலே 'காலி' என்று முடிவு கட்டிவிடுகிறார். அதனால்தான் பிரிட்டனின் நெறிமுறை, சில ரவுண்டானாக்களுக்கு முன் 2 மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு வைத்து வேண்டுமென்றே பார்வையைக் குறைக்கலாம் என்கிறது. நடந்து போகிறவருக்கு அது பாதுகாப்பா என்பது தனிக் கேள்வி.

சந்திப்பு மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2024 ஜூலையில் தஞ்சாவூர்–திருச்சி சாலையில், வளம்பக்குடி அருகே சமயபுரத்துக்கு நடந்து போனவர்கள் மீது சரக்கு வாகனம் மோதி 5 பேர் இறந்தார்கள். அது விடியற்காலை நேரம்.