சடையும் ஆணையும்

ஆடவர் தலைமயிரைக் குஞ்சி, பங்கி, பித்தை, ஓரி எனப் பல பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். குடுமி வைத்த தமிழர் சென்ற நூற்றாண்டுகளில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்திறங்கியபோது, முதுகில் நீண்ட சடை தொங்க நடமாடிய சீனரைத் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் ஈயச் சுரங்கங்களிலும் கண்டனர். நெற்றிப்புறம் மழித்துப் பின்புறம் சடை பின்னும் அவ்வழக்கம் சீனரின் தொன்மையான மரபு என்று எண்ணியவர் பலர். உண்மை அதுவன்று. அது வென்றவர் தோற்றவர் தலைமேல் ஏற்றிய அடையாளம். ஏறத்தாழ 270 ஆண்டுகள் அது நிலைத்து நின்றதற்கும், நீங்கியபோது பெருங்குழப்பம் விளைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முடியை வெட்ட ஒரு நொடி போதும். அதை வளர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். இவ்வெளிய உண்மை சீன வரலாற்றில் எத்தனை உயிர்களோடு விளையாடியது என்பது ஆராயத்தக்கது.

முடியின் கணக்கு

மயிர் தோலுக்கு வெளியே உயிரற்ற இழை. அது வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையில். தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். கிழக்காசிய மக்களுக்கு இது சிறிது கூடுதலாக இருப்பதுண்டு. எந்த மயிரும் ஓயாது வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்களில் ஒடுங்கி, ஏறத்தாழ 3 திங்கள் ஓய்ந்திருந்து உதிர்கிறது. பின்னர் அவ்விடத்தில் புதியது முளைக்கிறது. ஆகவே ஒருவர் முடி எவ்வளவு நீளும் என்பதை அவருடைய வளர்பருவத்தின் கால அளவே முடிவு செய்கிறது. 2 ஆண்டு வளரும் முடி தோளளவில் நின்றுவிடும். 6 ஆண்டு வளரும் முடி இடையை எட்டும். மழித்தால் முடி விரைந்து வளரும் என்பதும், எண்ணெய் தேய்த்தால் நீளும் என்பதும் பல நாட்டினருக்கும் பொதுவான நம்பிக்கைகள். எண்ணெய் முடியை முறியாமல் காக்கலாம். வேரின் வேகத்தை அது மாற்றுவதில்லை. இக்கணக்கை மனத்திற் கொண்டே இனி வரும் நிகழ்ச்சிகளை நோக்குதல் வேண்டும்.

பத்து நாள் கெடு

மிங் பேரரசின் காலத்தில் சீன ஆடவர் தலைமயிரை வளர்த்து உச்சியில் முடிந்து கொண்டனர். உடலும் மயிரும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சிதைத்தல் தகாது என்பது கன்பூசியர் நெறி. ஆகவே நீண்ட முடி அவர்களுக்கு வெறும் அழகன்று, பெற்றோர்க்குச் செய்யும் கடமையுமாகும். வடகிழக்கில் வாழ்ந்த மஞ்சூக்களோ தலையின் முன்புறத்தை மழித்துப் பின்புறத்தில் மட்டும் சடை விடுபவர்.

1644-ஆம் ஆண்டில் மஞ்சூப் படை பீக்கிங்கினுள் நுழைந்தது. அதனை நடத்திய இளவரசர் தொர்கொன் சீனரும் மஞ்சூக்களைப் போல் மழிக்க வேண்டும் என முதலில் ஆணையிட்டார். மக்கள் கொதித்தெழுவதைக் கண்டு விரைவிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு, தெற்கே நான்கிங் வீழ்ந்தபின், 1645-ஆம் ஆண்டுக் கோடையில் ஆணை மீண்டும் பிறந்தது. இம்முறை விட்டுக்கொடுப்பு இல்லை. பத்து நாளுக்குள் மழித்துக் கொள்ளாதவர் கிளர்ச்சிக்காரராகக் கருதப்படுவர் என அறிவிக்கப்பட்டது. முடியை வைத்திருப்பவன் தலையை இழப்பான் என்பது அக்கால மக்கள் வாய்மொழியாயிற்று.

நாடு வீழ்ந்தபோது அடங்கியிருந்த ஊர்கள் முடி வீழ்ந்தபோது எழுந்தன. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்யின் நகரம் 81 நாள் முற்றுகையைத் தாங்கிப் போரிட்டு அழிந்தது. ஜியாடிங் நகரில் மும்முறை படுகொலை நிகழ்ந்தது. பௌத்தத் துறவியர் தலை முழுவதையும் மழிப்பவர். தாவோ நெறித் துறவியர் முடி வளர்ப்பவர். இவ்விரு சாராரையும் ஆணை கட்டுப்படுத்தவில்லை. மிங் அரசின்பால் பற்றுடைய கற்றோர் பலர், சடை பின்னுவதினும் துறவாடை புனைவதே மேல் எனக் கருதிப் பௌத்த மடம் புகுந்தனர்.

முன்னும் பின்னும்

அடிமைத்தனத்தின் அடையாளமாக ஆடையையோ தலைப்பாகையையோ விதித்திருந்தால் அதை ஒரு நாழிகையில் அணியலாம், மறு நாழிகையில் களையலாம். முடி அத்தகையதன்று. மழித்த நெற்றியில் ஒரு வாரத்திலேயே முள் முள்ளாக மயிர் தோன்றிவிடும். ஆகவே குடிமகன் நாவிதரிடம் அடிக்கடி சென்று தன் பணிவைப் புதுப்பித்துக் கொண்டே இருத்தல் வேண்டும். பின்னே தொங்கும் சடையோ பல ஆண்டுகளின் விளைவு. அதனை வேண்டிய நாளில் வரவழைத்துக் கொள்ள இயலாது. முன்புறம் இன்றைய பணிவைக் காட்டிற்று. பின்புறம் பல்லாண்டுப் பணிவைக் காட்டிற்று. எழுதப் படிக்கத் தெரியாத காவலனும் ஒருவன் தலையைப் பார்த்தே அவன் எப்பக்கத்தவன் என்று அறிய முடிந்தது. சிங் அரசு கண்ட அடையாளத்தின் வலிமை இதில் இருந்தது.

தொடக்கத்தில் சடை மிகச் சிறியதாய், எலிவால் போன்றிருந்தது. காலம் செல்லச் செல்ல மழிக்கும் பரப்புக் குறைந்து சடை தடித்தது. வெறுப்புடன் ஏற்ற வழக்கம் நாலைந்து தலைமுறைகளில் பெருமைக்குரியதாகவும் மாறியது. நீண்ட சடை ஆண்மைக்கு அழகு என்றாயிற்று. முடி இடைக்குமேல் நீளாதவர் கரிய பட்டு நூலைச் சேர்த்துப் பின்னி முழங்கால் வரை தொங்கவிட்டனர். துக்க காலத்தில் வெள்ளை நூல் சேர்த்தனர். முடி கருத்துச் செழிக்கக் கருப்பு எள்ளும், ஹோ ஷோ வூ என்னும் கிழங்கும் உண்டனர். அக்கிழங்கின் பெயரே கருந்தலை பெற்ற ஹோ என்பவரைப் பற்றிய கதையினின்று பிறந்தது. நாள்பட உண்டோர் சிலருக்கு அது ஈரலைக் கெடுத்தமையை இக்கால மருத்துவம் கண்டறிந்துள்ளது. இம்முயற்சிகள் எவற்றாலும் வேர்ப்பையின் வேகம் மாறவில்லை. நீளத்தைத் தந்தது பட்டு நூலே.

முடி ஒரு நாட்காட்டியாகவும் பயன்பட்டது. அரச குடும்பத்தில் இறப்பு நேரின் 100 நாள் மழிக்கலாகாது என்பது விதி. 1748-ஆம் ஆண்டில் பேரரசி காலமானபோது, கெடு முடியுமுன் மழித்துக்கொண்ட உயர் அதிகாரிகளைக் கியான்லொங் பேரரசர் கடுமையாகத் தண்டித்தார். 100 நாளில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டிய நெற்றி வழுவழுப்பாக இருப்பின், அதை எச்சொல்லாலும் மறைக்க முடியாதன்றோ? இருபது ஆண்டு கழித்து, 1768-ஆம் ஆண்டில், சூனியக்காரர் சடை நுனியை வெட்டி உயிரைக் கவர்கின்றனர் என்ற பீதி பல மாநிலங்களில் பரவியது. குற்றமற்ற இரவலரும் ஊர்சுற்றித் துறவியரும் சித்திரவதைக்கு ஆளாயினர்.

நெடுமயிரார்

1851-ஆம் ஆண்டு சனவரியில் குவாங்சியில் ஹொங் சியுசுவான் தலைமையில் தைப்பிங் கிளர்ச்சி எழுந்தது. தைப்பிங் என்பதன் பொருள் பேரமைதி. பேராக்கில் உள்ள தைப்பிங் நகரின் பெயரும் இச்சொல்லே. லாருட் போர்கள் 1874-ஆம் ஆண்டில் அடங்கியபின் அந்நகர்க்கு அப்பெயர் வந்தது. பெயரில் பேரமைதியை ஏந்திய கிளர்ச்சியோ இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது என மதிப்பிடுவர்.

கிளர்ச்சிக்காரர் நெற்றி மழிப்பதை விட்டனர்; தம் ஆட்சிக்குட்பட்டோரும் மழிக்கலாகாது என்றனர். ஆகவே மக்கள் அவர்களை நெடுமயிரார் என்றே அழைத்தனர். 1853 முதல் 1864 வரை நான்கிங் அவர்களின் தலைநகராயிருந்தது. போர் முன்னும் பின்னும் புரண்ட ஊர்களில் வாழ்ந்தவர் நிலை இரங்கத்தக்கது. மழித்த நெற்றியோடு தைப்பிங் படையிடம் அகப்பட்டால் சிங் அரசின் ஆள் என்பர். நெற்றியில் இரு விரற்கடை மயிரோடு சிங் படையிடம் அகப்பட்டால் கிளர்ச்சியில் சேர்ந்து சில திங்கள் ஆயிற்று என்று கணக்கிடுவர். நெடிய முடியுடையவன் பழைய ஆள், குறுமயிரினன் புதிதாகச் சேர்ந்தவன் அல்லது பிடித்துச் செல்லப்பட்டவன் எனப் பகுத்தனர். ஊர் கைமாற ஓர் இரவு போதும். நெற்றி மயிர் உச்சியை எட்ட இரண்டாண்டுக்குக் குறையாது வேண்டும். அந்த இடைவெளியில் சிக்கியவர்க்குக் காட்டத்தக்க தலை ஏதும் இல்லை.

கடல் கடந்த சடை

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த சீனரும் சடையைக் காத்தனர். தாய்நாடு திரும்பும் எண்ணம் உள்ளவனுக்கு அது திரும்பும் உரிமைச் சீட்டுப் போன்றது. 1876-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம், சிறைப்பட்டோர் முடியை ஓர் அங்குல அளவுக்கு வெட்ட வேண்டும் என விதி செய்தது. 1878-ஆம் ஆண்டில் நெரிசலான விடுதியில் தங்கிய குற்றத்திற்காக 5 நாள் சிறை சென்ற ஹோ ஆ கோவ் என்பவரின் சடை வெட்டப்பட்டது. தண்டனை 5 நாள். சடை மீள்வதற்கோ பல ஆண்டு. அவர் வழக்குத் தொடுத்தார். 1879-ஆம் ஆண்டில் நீதிபதி ஸ்டீபன் பீல்டு, அவ்விதி சீனரையே குறிவைத்துக் கொடுமைப்படுத்துவது என்று கூறிச் செல்லாததாக்கினார்.

சிங்கப்பூரில் கதை வேறு வகையாய் அமைந்தது. இங்கே பிறந்து பிரிட்டிஷ் குடிகளாயிருந்த சீனரும் சடை விட்டிருந்தனர். எடின்பரோவில் மருத்துவம் கற்றுத் திரும்பிய டாக்டர் லிம் பூன் கெங், சடை சீனரின் தொன்மரபன்று, மஞ்சூக்கள் சுமத்தியது என எடுத்துரைத்து 1890-களின் இறுதியில் சடை களையும் இயக்கத்தைத் தொடங்கினார். சோங் ஓங் சியாங் போன்றோர் துணை நின்றனர். சமூகப் பெரியோர் பலர் சினந்தனர். பழமைப் பற்று மட்டுமே அச்சினத்திற்குக் காரணமன்று. சடையற்றவன் சீனத்தில் கால் வைத்தால் கிளர்ச்சிக்காரன் எனக் கருதப்படுவான் என்ற அச்சமும் அதில் இருந்தது. 1895-ஆம் ஆண்டில் குவாங்சௌ எழுச்சி தோற்றபின் ஜப்பானில் சன் யாட் சென் தம் சடையை வெட்டியதும், 1910-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் டான் கா கீ தம் சடையை வெட்டிப் புரட்சிக் கழகத்திற் சேர்ந்ததும் இவ்வச்சத்தைக் கடந்த செயல்கள்.

பொய்ச் சடை

வெட்டியபின் வருந்தினாலும் வழியில்லை என்பதற்கு எழுத்தாளர் லூ சுன் வாழ்க்கையே சான்று. ஜப்பானில் மாணவராயிருந்தபோது சடையை வெட்டிய அவர், தாயகம் திரும்பியபோது ஷாங்காயில் பொய்ச் சடை வாங்கி அணிந்தார். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அணிந்து, கழன்று விழுந்துவிடுமோ என்னும் கவலை பொறாது எறிந்துவிட்டார்.

1911-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் வூச்சாங்கில் புரட்சி வெடித்தது. 1912-ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய குடியரசு, 20 நாளுக்குள் சடை களைய வேண்டும் என ஆணையிட்டது. வளர்க்கச் சொன்ன ஆணைக்குப் பத்து நாள். வெட்டச் சொன்ன ஆணைக்கு இருபது நாள். நகர்ப்புறங்களில் கத்தரிக்கோலுடன் நின்ற வீரர்கள் வழிப்போக்கரைப் பிடித்து வெட்டியதும் உண்டு. இழந்த சடைக்காக அழுதவரும் உளர்.

1917-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தம் படையினரைச் சடையுடனேயே வைத்திருந்த தளபதி சாங் சுன் பீக்கிங்கைக் கைப்பற்றிச் சிறுவர் பூ யீயை மீண்டும் அரியணை ஏற்றினார். ஐந்தாண்டுக்குமுன் சடை வெட்டியவர்களுக்கு நடுக்கம் கண்டது. தலைமயிரோ திங்களுக்கு ஒரு சென்டிமீட்டரே வளரும். ஆகவே அவர்கள் நாடக உடை விற்போரிடம் ஓடிக் குதிரை மயிரில் பொய்ச் சடை செய்து தரக் கேட்டனர். சூலை 12-ஆம் நாள் அவ்வாட்சி கவிழ்ந்தது. பொய்ச் சடைகள் தெருவில் எறியப்பட்டன. அந்நாளைய சிற்றூரொன்றில் சடையிழந்த படகோட்டி ஒருவனையும் அவன் குடும்பத்தையும் பற்றிக்கொண்ட அச்சத்தை லூ சுன் 1920-ஆம் ஆண்டில் சிறுகதையாக எழுதினார்.

சட்டம் இயற்றுவோர் கெடுவை நாட்கணக்கில் வைத்தனர். உடல் தன் கெடுவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. இவ்விரு கெடுக்களுக்கும் இடையே சிக்கிய எளிய மக்களின் துன்பமே சடையின் வரலாறு. பழைய சிங்கப்பூர், பினாங்குப் புகைப்படங்களில் சடை தொங்க நிற்கும் தொழிலாளரை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், அவர் தலையை வெறும் விந்தைக் காட்சியாகக் காட்டாதிருத்தல் நன்று. அந்தச் சடை ஒரு பேரரசின் முத்திரை. ஊருக்குத் திரும்பும் நம்பிக்கை. அறுந்தால் ஐந்தாறு ஆண்டு காத்திருந்தாலன்றி மீளாத உடைமை.