மனநல ஆலோசனையில் மாற்றத்தின் தொடக்க அறிகுறிகள்: அறிதலும் பேணுதலும்

மனநல ஆலோசனைக்கோ குடிப்பழக்கச் சிகிச்சைக்கோ செல்பவரிடம் மாற்றம் ஒரே நாளில் தோன்றுவதில்லை. முழுமையாகக் குணமடையும் நாளை எதிர்நோக்கும் குடும்பத்தினர், அதற்கு முன்னரே தென்படும் சிறு அறிகுறிகளைக் கவனியாது விட்டுவிடக்கூடும். அவற்றை அறிந்து பேணும் முறைகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்களுக்காக இப்பக்கம் விளக்குகிறது.

மாற்றம் எவ்வாறு தொடங்குகிறது?

புகைப்பழக்கத்தைக் கைவிட முயன்றோரை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் புரோசாஸ்கா, டிகிளமென்டி ஆகியோர், மாற்றம் படிப்படியாக நிகழ்வதை 1983ஆம் ஆண்டு விளக்கினர். செயலில் இறங்குவதற்கு முன், "மாற வேண்டுமா, வேண்டாமா" என்று ஊசலாடும் நிலை ஒன்று உண்டு. இது பிடிவாதம் அன்று. மாற்றத்தின் ஒரு படியே ஆகும்.

பேச்சில் தென்படும் அறிகுறிகள்

• விருப்பம்: "பழையபடி வேலைக்குப் போனால் நன்றாக இருக்கும்."
• நம்பிக்கை: "சம்பள நாளன்று நேராக வீட்டுக்கு வந்துவிட முடியும்."
• காரணம்: "பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்."
• தேவை: "இப்படியே போனால் சரிப்படாது."
• உறுதி: "நாளை ஆலோசகரிடம் இதைச் சொல்லிவிடுவேன்."

செயலில் தென்படும் அறிகுறிகள்

• நினைவூட்டாமலே மருந்து உட்கொள்ளுதல்
• மதுக்கடை உள்ள தெருவைத் தவிர்த்து வேறு வழியில் வருதல்
• குளித்தல், உடை மாற்றுதல் போன்றவற்றைத் தாமாகவே செய்தல்
• கோபம் வந்தாலும் முன்னைவிட விரைவில் தணிதல்

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரிடம், மனநிலை தேறுவதற்கு முன்னரே தூக்கமும் பசியும் சீரடையலாம். இதனை அவருக்கு முன்பே குடும்பத்தினர் கண்டுகொள்வதும் உண்டு.

நீங்கள் எவ்வாறு உதவலாம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முறையில் பணிபுரியும் ஒருவர், "இந்த வாரம் இரண்டு நாள் குடிக்கவில்லை" என்று கூறுவதாகக் கொள்வோம். "மீதி ஐந்து நாள்?" என்று கேட்டால், அவர் தம் குடியை நியாயப்படுத்தத் தொடங்குவார். "அந்த இரண்டு நாளும் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால், தம்மால் இயன்றதைத் தம் வாயாலேயே சொல்வார். அச்சொல்லே அடுத்த முயற்சிக்குத் துணையாகும்.

• கண்ட மாற்றத்தைக் குறிப்பிட்டுக் கூறுங்கள். மிகையாகப் புகழ வேண்டாம்.
• சத்தியம் வாங்குதல், உறவினர் முன் பிறருடன் ஒப்பிடுதல் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள்.
• ஆலோசனையில் பேசியதைச் சொல்லுமாறு வற்புறுத்தாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அவருக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது.
• சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்த வேண்டாம். மருத்துவரின் ஆலோசனை கட்டாயம் தேவை.

நீங்களே சிகிச்சை பெறுபவராயின், உறங்கிய நேரத்தையும் அன்று இயன்ற ஒரு செயலையும் நாள்தோறும் குறித்து வைத்து ஆலோசகரிடம் காட்டுங்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை எனினும் அதனையும் தயங்காமல் கூறுங்கள். சிகிச்சை முறையை மாற்றியமைக்க அது உதவும்.

மீண்டும் பழைய நிலை திரும்பினால்?

சறுக்கல் நேர்வது இயல்பு. அதுவரை பெற்ற பலன் முழுவதும் வீணாகிவிடாது. எந்தச் சூழலில் சறுக்கல் நேர்ந்தது என்பதை நிதானமாகப் பேசி, அடுத்த ஆலோசனையில் தெரிவியுங்கள்.

உடனடிக் கவனம் தேவைப்படும் நிலைகள்

• சாவைப் பற்றிப் பேசுதல், உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்தல், கடும் துயரத்திலிருந்தவர் திடீரென அமைதியாதல். இவ்வமைதியை முன்னேற்றம் என்று கருதிவிட வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே உதவி பெறுங்கள்.
• நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தியபின் தோன்றும் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம். இவை உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்துவதே பாதுகாப்பானது.

அவசர நிலையில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

உதவி பெறுமிடங்கள்

• டெலி மானஸ் 14416: கட்டணமில்லாச் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.
• கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்.
• திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
• ஸ்கார்ஃப், அண்ணா நகர் மேற்கு விரிவு: மனச்சிதைவு நோய்க்காக 1984இல் மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று நிறுவிய தொண்டு நிறுவனம்.

சிறு மாற்றத்தையும் கவனியுங்கள். அவர் பேசும்போது பொறுமையுடன் செவிகொடுங்கள்.