சுரகானி அக்கினி ஆலயமும் அதன் கல்வெட்டுகளும்

பங்குனி மாதத்தில் கெங்குவார்பட்டியில் இராத் தங்கியவர்கள் அறிவர். பகலில் நீலமாய் நிற்கும் கொடைக்கானல் மலைச்சரிவில் சில இரவுகளில் நெருப்பு நூல் இழுத்தாற்போல் வளைந்து ஏறும். காய்ந்த புல்லில் யாரோ இட்ட தீ என்று ஊரார் சொல்லிக்கொள்வர். அத்தகைய ஓர் இரவில் அவ்வூர்ச் சபையாரோடு லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தைத் தியானித்துக்கொண்டிருந்தோம். பலிபீடத்தின் மேல் நெருப்பு ஒருக்காலும் அணையலாகாது என்னும் கட்டளை அங்கே வருகிறது. ஆசாரியன் காலைதோறும் விறகிட வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தே வருகிறது. பிரசங்கிகளாகிய நாம் பெரும்பாலும் முன்னதைச் சொல்லிப் பின்னதை விட்டுவிடுகிறோம்.

கூட்டம் முடிந்தபின், காஸ்பியன் கடற்கரையில் எண்ணெய் எடுக்கும் நிறுவனமொன்றில் வேலைபார்த்து விடுப்பில் வந்திருந்த வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஐயா, விறகே இல்லாமல் எரிகிற நெருப்பை நான் பார்த்திருக்கிறேன்” என்றார். அசர்பைஜான் நாட்டுத் தலைநகராகிய பக்கூவிலிருந்து வழிகாட்டியுடன் ஒருநாள் பயணம் உண்டாம். முற்பகலில் சுரகானி என்னும் புறநகரிலுள்ள ஆத்தஷ்கா என்ற அக்கினி ஆலயம். பிற்பகலில் யனார் தாக், அதாவது எரியும் மலை. ஆலயத்தைக் காட்டிய வழிகாட்டி, அது நெருப்பை வணங்கிய பண்டைப் பாரசீகரின் கோயில் என்று சொன்னாராம். வாலிபர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வாசலுக்கு மேலே பதித்த கல்லொன்றில் எழுத்துகள் தெரிந்தன. “இது இந்தி எழுத்துப்போல் இருக்கிறதே ஐயா, பாரசீகர் கோயிலுக்கு இது எப்படி வந்தது?” என்று கேட்டார். அன்றிரவு நாம் தகுந்த விடை கூறவில்லை. கடன்பட்ட அவ்விடையையே ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் நெருப்பைப் பற்றி. பக்கூ நகரம் அமைந்துள்ள அப்ஷெரோன் என்னும் தீபகற்பத்தின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் மிகுதியாக உள்ளன. பாறை வெடிப்புகளின் வழியாக வாயு கசிந்து மேலே வருகிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால், வாயு வரும்வரை மழையிலும் பனியிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. யனார் தாக்கில் குன்றின் அடிவாரத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்குத் தீ நின்று எரிகிறது. ஆனால் அது பண்டைக்காலத்துத் தீ அன்று. 1950களில் ஆட்டிடையர் ஒருவர் அறியாமல் பற்றவைத்தார் என்றே அங்குள்ளோர் கூறுகின்றனர். நம் நாட்டிலும் இத்தகைய இடம் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள ஜ்வாலாமுகி கோயிலில் சிலை இல்லை. பாறையிடுக்கில் எரியும் சுடரையே தேவியென வழிபடுகின்றனர். சுடர் எரிவதைக் கண்டு, 1950களில் எண்ணெய் எரிவாயு ஆணையத்தார் அப்பகுதியில் துளையிட்டுத் தேடியதும் உண்டு.

நிலத்திலிருந்து வரும் எரிநெய்யையும் பலிபீடத்து நெருப்பையும் இணைத்துப் பேசும் பழைய கதை ஒன்று நம் வாசகர் பலர் படிக்காத இடத்தில் இருக்கிறது. மக்கபேயரின் இரண்டாம் ஆகமம் நம் திருமறையில் சேர்க்கப்படாததால் அதைத் திறப்போர் குறைவு. அதன் முதல் அதிகாரத்தில், சிறைப்பட்டுப் பாரசீகத்துக்குப் போன ஆசாரியர் பலிபீட நெருப்பை நீரற்ற ஒரு கிணற்றில் மறைத்து வைத்தனர் என்றும், பின்னாளில் நெகேமியா ஆளனுப்பித் தேடியபோது நெருப்புக்குப் பதிலாகக் கெட்டியான நீர்மம் அகப்பட்டதென்றும், அதைப் பலியின்மேல் தெளித்தபோது வெயில் பட்டுப் பற்றியதென்றும் காண்கிறோம். பாரசீக அரசன் அவ்விடத்தை வேலியிட்டுப் புனிதமாக்கினான். அந்நீர்மத்தின் பெயர் நெப்தார். பலர் அதை நப்தா என்றழைத்தனர் என்று நூலாசிரியர் முடிக்கிறார். எண்ணெய் ஊறும் நிலத்தையும் பாரசீகரையும் புனித நெருப்பையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பது இதனால் விளங்கும். பக்கூவின் வழிகாட்டி சொன்னதும் அப்பழக்கத்தின் வழிவந்ததே.

கற்கள் சொல்வது வேறு. சுரகானி ஆலயம் ஐங்கோண வடிவில் மதிலால் சூழப்பட்டது. மதிலை ஒட்டி யாத்திரிகர் தங்கும் சிறு அறைகளும், நடுமுற்றத்தில் நான்கு வாயில்களுடைய பீடமும் உள்ளன. வாயில்களின்மேல் பதித்த கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தேவநாகரியில் எழுதப்பெற்றவை. கணேசரை வாழ்த்தித் தொடங்குவனவும், ஜ்வாலாஜியைப் பெயர்சொல்லிப் போற்றுவனவும் அவற்றுள் உண்டு. சில குர்முகி எழுத்தில் சீக்கியர் பொறித்தவை. பாரசீக மொழியில் உள்ளது ஒன்றே ஒன்று. விக்கிரம ஆண்டுக் கணக்கில் குறித்த இவற்றின் காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை செல்கிறது. நடுப்பீடத்தின் கல் ஏறத்தாழ 1810ஆம் ஆண்டினது.

பஞ்சாபியர் அங்கே போனதெப்படி? முல்தான், சிந்து நாட்டு வணிகர் அக்காலத்தில் பாரசீகம், காஸ்பியன் கரை, உருசியாவின் அஸ்திராகான் வரை துணியும் வட்டித்தொழிலும் கொண்டு பரவியிருந்தனர். பக்கூவின் பழைய கோட்டைக்குள் முல்தானியர் சத்திரம் இன்றும் நிற்கிறது. வீட்டைவிட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்த அவர்கள், காங்ராவில் கண்ட தேவியின் சுடரையே கடலுக்கப்பாலும் கண்டனர். தம் பொருளில் கோயில் கட்டினர். துறவிகள் வந்து தங்கினர்.

இதைக் கண்டும் காணாதிருந்தவர் பலர். இலண்டன் தெருவில் குடைபிடித்து நடந்து நகைப்புக்கு ஆளான வணிகர் ஜோனஸ் ஹான்வே, 1753இல் வெளியிட்ட பயண நூலில் இக்கோயிலைப் பற்றி எழுதியுள்ளார். தரையில் நட்ட நாணற்குழாயின் நுனியில் நீலச்சுடர் எரிந்ததையும், இந்தியாவிலிருந்து வந்த அடியார்கள் நெற்றியில் குங்குமப்பூச் சாந்து இட்டிருந்ததையும், செந்நிறப் பசுவை அவர்கள் பெரிதும் மதித்ததையும் குறிக்கிறார். இத்தனையும் குறித்துவிட்டு, பண்டைப் பாரசீகரின் நெருப்பு வணக்கத்தைத் தொடர்பவர் என்ற வகையிலேயே அவர்களைச் சேர்க்கிறார். முன்னமே கைவசமிருந்த பெயர் கண் கண்டதை மறைத்துவிட்டது. 1911இல் வெளிவந்த நூலில் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம்ஸ் ஜாக்சன் கல்வெட்டுகளை ஆராய்ந்து, இன்று நிற்கும் கட்டடம் இந்துக்களுடையது என முடிவுகட்டினார்.

எனினும் நம்மை மிகவும் கவர்ந்தவர் வேறொருவர். பம்பாய்ப் பார்சிக் குருவும் பேரறிஞருமாகிய ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி 1925இல் அங்கே சென்றார். தம் முன்னோரின் ஆலயம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய சிறு சமூகத்துக்கு எத்துணைப் பெருமை! அவர் கல்லைப் படித்தார், கட்டட அமைப்பை நோக்கினார், இது எங்களுடையதன்று, இந்துக் கோயில் என்று எழுதினார். சசானியர் ஆண்ட நாட்டில் அதே இடத்தில் முன்பு சரத்துஸ்திர நெறியினரின் ஆலயம் இருந்திருக்கலாம் என்பாரும் உளர். ஆயினும் நிற்கும் கல் அதற்குச் சாட்சி கூறவில்லை. தம் சபையின் தொன்மையை எழுத அமர்கிற நம் ஆயர்களில் எத்தனை பேர் மோதி செய்ததைச் செய்வோம்?

பார்சிகள் அவ்வாலயத்தைத் தமதென்று கொள்ளத் தயங்கியதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. அவர்தம் நெருப்பு தானாய் எரிவதன்று. குஜராத்தில் உத்வாடாவில் 1742 முதல் இருந்துவரும் ஈரான்ஷா என்னும் நெருப்பு, மின்னல் மூட்டிய தீ உட்படப் பதினாறு வகைத் தீயைத் தூய்மைசெய்து சேர்த்து உண்டாக்கப்பட்டது. குருமார் நாள்தோறும் பலமுறை விறகிட்டுக் காக்கின்றனர். சென்னை இராயபுரத்தில் 1910இல் திறக்கப்பட்ட பார்சி ஆலயத்திலும் அவ்வாறே. மற்றவர் உள்ளே செல்வதற்கில்லை. நம் மாணவர் அத்தெருவழியே போகும்போது நின்று பார்க்கலாம். நெருப்பை அவர்கள் கடவுளாகக் கொள்வதில்லை. அகுர மஸ்தாவின் ஒளிக்கு அடையாளமாக அதன்முன் நின்று மன்றாடுகின்றனர். நாமோ கிறிஸ்து பிறந்த திருநாளில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைப் புகழ்கிறோம். அவர்களைப் பாரசீகக் குருமரபினராகக் கருதும் அறிஞர் பலர் என்பதையும் அறிவோம். மற்ற நாள்களில் அதே மரபினரை ‘நெருப்பை வணங்குவோர்’ என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுகிறோம். அச்சொல்லுக்குள் பஞ்சாபி வணிகரும் சீக்கியரும் ஒருங்கே அகப்பட்டுக்கொண்டனர் என்பதைச் சுரகானி காட்டுகிறது.

ஆலயத்தின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1850களின் இறுதியில் உருசிய வணிகர் கோகரேவ் என்பவர் கோயிலின் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் ஆலை நிறுவினார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் துறவிகள் போய்விட்டனர். சுற்றிலும் கிணறுகள் தோண்டி வாயுவை எடுக்க எடுக்க நிலத்தடியில் அது குறைந்து, 1969இல் நெருப்பு அணைந்தது. 1975இல் அவ்விடம் அருங்காட்சியகமாயிற்று. இன்று பயணிகள் காணும் சுடர் பக்கூ நகரிலிருந்து குழாய்வழி கொண்டுவரப்பட்ட எரிவாயுவால் எரிவது.

இதை அவ்வாலிபருக்குச் சொன்னபோது சற்று ஏமாற்றமடைந்தார். “அப்போ நான் பார்த்தது அடுப்பு நெருப்புதானா, ஐயா?” என்றார். எழுத்து இந்தியருடையதுதான் என்றதும் முகம் தெளிந்தது. அடுத்த முறை நடுப்பீடத்துக் கல்லைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நாமும் நம் பழைய பிரசங்கக் குறிப்பேட்டைத் தேடியெடுத்தோம். எலியாவைப் பற்றிய பக்கத்தில் பார்சிகளைக் குறித்து எழுதியிருந்த வரி ஒன்றை அடித்துவிட்டோம். அவ்விடத்தில் எழுத வேண்டிய சொல் இன்னும் அகப்படவில்லை.