லாஜிஸ்டிக் வளர்வீதம்

லாஜிஸ்டிக் வளர்வீதம் என்பது, வரம்புடைய சூழலில் பெருகும் ஜீவராசிகளின் தொகையைக் காலத்தைக் குறித்து வகையிட்டுப் பெறும் வகைக்கெழுவாகும். பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, இவ்வீதம், இயல்பான வளர்ச்சிக் குணகம், அப்போதைய தொகை, தாங்குதிறனில் (சூழல் தாங்கவல்ல உச்சத் தொகையில்) எஞ்சிய பின்னம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாம். தொகை தாங்குதிறனின் பாதியை எட்டுங்கால் இரண்டாம் வகைக்கெழு சுழியமாகி, வீதம் உச்சமடைந்து, அதன்பின் படிப்படியே தாழ்கிறது; உச்சவீதமோ குணகத்தையும் தாங்குதிறனையும் பெருக்கியதில் நான்கில் ஒரு பங்காகும். சான்றாக, தாங்குதிறன் 1000, குணகம் நாளொன்றுக்கு 0.4 எனில், தொகை 500 ஆகும்போது நாளொன்றுக்கு 100 வீதம் பெருகும்.

1920-இல் பேர்லும் ரீடும் இச்சமன்பாட்டை அமெரிக்க ஜனத்தொகைக்கும், 1954-இல் ஷேஃபர் மீன்வளத்திற்கும் பிரயோகித்தனர். பின்னதன்படி, கீழ்புத்துப்பட்டு போன்ற மரக்காணக் கடற்கரை ஊர்களின் மீன்வளத்திலும், ஓர் இனத்தின் தொகை பாதியளவில் நிற்கையிலேயே நிலையாகப் பெறத்தக்க பிடிப்பு மிகுதியாகும் என்பது கொள்கையளவிலான முடிவு. உப்பளப் பாத்திகளில் வளரும் டுனாலியெல்லா போன்ற நுண்பாசிகளுக்கோ இச்சமன்பாடு அவ்வளவு எளிதிற் பொருந்தாது. நீர் ஆவியாக உவர்ப்பு ஏறுந்தோறும் குணகமும் தாங்குதிறனும் மாறுவதால், அவற்றை மாறிலிகளாகக் கொள்ளுதல் குறுகிய காலத்திற்கே தகும்.